அஞ்சு, அஞ்சு, அஞ்சு, சும்மா, சும்மா

எனக்கு அப்போது 15 வயது. மெல்பேர்ணில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் கலைவிழா. மேடையில் தனியாக நிற்கிறேன். வலக்கையில் மூன்று பந்து, இடக்கையில் இரண்டு. "அடுத்ததாக ஐந்து பந்துகளை ஒரே நேரத்தில் எறிந்து பிடிக்கப் போகிறார்" என்று அறிவிப்பாளர் மாமா பெருமையாகச் சொல்லி முடித்துவிட்டார். இனித் தப்ப முடியாது.

எறிந்தேன். மூன்றாவது பந்தும் நாலாவது பந்தும் தலைக்கு மேலே முட்டிக்கொண்டன. ஒன்று முன்வரிசையில் இருந்த அன்ரி ஒருவரின் மடியில் விழுந்தது. இன்னொன்று ஓரத்தில் இருந்த மிருதங்கத்தில் பட்டுத் 'தொம்' என்றது. மண்டபம் சிரித்தது. அன்பான சிரிப்புத்தான். ஆனால் 15 வயதில் அன்பான சிரிப்பையும் கேலிச் சிரிப்பையும் பிரித்துக் கேட்கிற காது யாருக்கு இருக்கிறது? இன்னொரு தரம் எறிந்தேன். அதுவும் அப்படியே. மூன்றாம் தரம் எறியவில்லை. பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்று நான் ஏன் தோற்றேன் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதம் பிடித்தது. அந்த மாதங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஜக்ளிங் மீது எனக்கு ஆசை வந்தது ஒன்பது வயதில். யாரா ஆற்றங்கரையில், பிறரங் மார் பூங்காவில் போட்ட கூடாரத்துக்கு அப்பா கூட்டிக்கொண்டு போனார். சர்க்கஸ் ஓஸ் நடத்திய காட்சி. 1978இல் மெல்பேர்ணில் தொடங்கிய குழு அது. சிங்கமும் இல்லை, யானையும் இல்லை, மனிதர்கள் மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் தோடம்பழங்களை எறியத் தொடங்கினேன். இரண்டு தோடம்பழம் நசிந்த பிறகு அம்மம்மா தன் பழைய பருத்திச் சேலை ஒன்றை வெட்டி, ஐந்து உருண்டைப் பைகள் தைத்து, அரிசி அடைத்துத் தந்தார். சமையலறைத் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றும் 120 கிராம் வரும்படி பார்த்துக்கொண்டார். "ஒண்டு பாரமாயும் ஒண்டு லேசாயும் இருந்தால் கை குழம்பிப் போகும்" என்றார். அரிசிப் பந்து விழுந்தால் உருண்டு ஓடாது. விழுந்த இடத்திலேயே கிடக்கும். தொடங்குகிற ஆளுக்கு அதைவிட நல்ல பந்து கிடையாது.

12 வயதில் மூன்று பந்து வந்தது. 14 வயதில் நான்கு வந்தது. அடுத்தது ஐந்துதானே? எட்டு மாதம் ஒவ்வொரு நாளும் ஐந்து பந்தை எடுத்து எறிவேன். ஐந்தும் விழும். குனிந்து பொறுக்குவேன். திரும்ப எறிவேன். ஒரு நாளைக்கு 100 தரம் எறிந்தால் 100 தரம் பொறுக்கினேன். உண்மையில் அந்த எட்டு மாதமும் நான் நன்றாகப் பழகியது பொறுக்குவதைத்தான்.

அம்மம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கேட்டார்: "பிள்ளை, மூண்டை இன்னும் கொஞ்சம் வடிவா எறிஞ்சு பழகினால் என்ன?"

"மூண்டு எனக்கு வரும் அம்மம்மா. அது சின்னப் பிள்ளையள் செய்யிறது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்துக்குப் போய் ஐந்து சிறு கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். கொக்கான் வெட்டிக் காட்டப் போகிறாராம். தமிழ்நாட்டில் இதை ஐந்தாங்கல், தட்டாங்கல், சொட்டாங்கல் என்று ஊருக்கு ஊர் வேறு பெயரில் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் கொக்கான். ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் நிலத்தில் கிடக்கிற மற்றக் கற்களை அதே கையால் அள்ளி, எறிந்த கல்லையும் பிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக எடுப்பது. பிறகு இரண்டிரண்டாக. பிறகு மூன்றும் ஒன்றும். கடைசியில் நாலையும் ஒரே அள்ளில். இடையில் எங்கே பிழைத்தாலும் உங்கள் முறை போய்விடும்.

77 வயதில் அம்மம்மா நாலையும் அள்ளினார். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. "ஒவ்வொண்டா எடுக்கேக்கை எறியிறதும் இதே உயரந்தான், நாலை எடுக்கேக்கை எறியிறதும் இதே உயரந்தான்" என்றார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. "நல்லா இருக்கு அம்மம்மா" என்று சொல்லிவிட்டு ஐந்து பந்தை எறியப் போய்விட்டேன். அடுத்த மாதம் கலைவிழா. அங்கே நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

கலைவிழா முடிந்து மூன்று கிழமை. யூன் மாதம். மெல்பேர்ண் குளிர்காலக் காலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். புல் எல்லாம் ஈரம். பின்வளவில் உடுப்புக் காயப் போடப் போன அம்மம்மா வழுக்கி விழுந்தார். வலக்கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆறு கிழமை மாவுக்கட்டு. கட்டு வெட்டிய அன்று நானும் கூடப் போனேன். உள்ளே இருந்து வந்த கை எனக்குத் தெரிந்த அம்மம்மாவின் கை இல்லை. மெலிந்து, தோல் உலர்ந்து, விரல்கள் பாதி மடங்கினபடி இருந்தன. உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னார்கள். திரும்பவில்லை. ஒரு தட்டை ஏந்த முடியாது. குழாயைத் திறக்க முடியாது. சேலை உடுத்த அம்மா வேண்டும். இவ்வளவு நாளும் எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் பிழிந்த கை அது. பெட்டிப் பாலில் அம்மா சொதி வைத்த அன்று அம்மம்மா பாதியில் எழும்பிவிட்டார். "இனி நான் ஒருத்தருக்கும் உதவாத ஆள்" என்று அறைக்குள்ளிருந்து சொன்னது எனக்குக் கேட்டது.

ஃபிசியோ கொடுத்த பயிற்சிகள் மிகச் சின்னவை. பெருவிரலால் மற்ற ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது. மேசையில் முழங்கையை ஊன்றி உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவது. பஞ்சுத் துண்டு ஒன்றை அமுக்கிப் பிடித்து விடுவது. ஒவ்வொன்றும் பத்துத் தரம், நாளைக்கு மூன்று முறை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போவதால் பார்த்துக்கொள்கிற பொறுப்பு எனக்கு வந்தது.

அம்மம்மா செய்ய மாட்டேன் என்றார்.

"உது பாலர் வகுப்பு வேலை. நான் சமைச்ச கை. எனக்கு உது வேண்டாம்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அது என்னுடைய வசனம். "அது சின்னப் பிள்ளையள் செய்யிறது." இரண்டு மாதத்துக்கு முன் இதே அறையில் நான் சொன்னது.

அப்போது அந்த ஒப்பந்தத்தைச் செய்தோம். அவர் பஞ்சை அமுக்குவார். நான் மூன்று பந்துக்கு இறங்குவேன். ஒருவர் செய்யாவிட்டால் மற்றவரும் செய்யத் தேவையில்லை.

ஆனால் எனக்கு ஒரு பிரச்சினை. மூன்று பந்தில் எதைப் பழகுவது? எனக்குத்தான் அது வருமே. வழக்கமான மூன்று பந்து எறிதலை இன்னும் ஒரு வருடம் செய்தாலும் அது ஐந்தாக மாறாது. நான்கு பந்தும் அப்படித்தான். ஐந்துக்கு முன்னால் நான்கு என்று நினைத்து மாதக்கணக்கில் பழகினேனே, அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது?

விடை, பக்கத்துக் கிளேட்டனில் இருந்து வந்தது. மொனாஷ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணா நூலகத்தில் இருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தார். 'ஜக்ளிங்கின் கணிதம்' என்பது அதன் பெயரின் பொருள். எழுதியவர் அதே மொனாஷில் கணிதம் கற்பிக்கிற பேர்கார்ட் போல்ஸ்டர். 2003இல் வந்த புத்தகம். பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்கிய பகுதி போதுமாக இருந்தது.

எறிதல்களை எண்ணால் எழுதுகிற ஒரு முறை இருக்கிறது. 1980களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிலர் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். தாளம் போடுகிற மாதிரி வலம், இடம், வலம், இடம் என்று கைகள் மாறி மாறி எறிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எறிதலும் ஒரு தட்டு. இப்போது எறிந்த பந்து எத்தனை தட்டுக்குப் பிறகு திரும்ப எறியப்படும்? அதுதான் அந்த எறிதலின் எண். சாதாரண மூன்று பந்தில் ஒவ்வொரு எறிதலும் 3. ஐந்து பந்தில் ஒவ்வொன்றும் 5. எண் பெரிதானால் பந்து கூடுதல் நேரம் காற்றில் இருக்க வேண்டும், ஆகவே உயரமாகப் போக வேண்டும். ஒற்றை எண் என்றால் பந்து மற்றக் கைக்குப் போகும். இரட்டை எண் என்றால் எறிந்த கைக்கே திரும்பும். 2 என்றால் எறியாமல் கையிலேயே வைத்திருப்பது. 0 என்றால் கை வெறுமை.

என் நான்கு பந்துப் பயிற்சி ஏன் உதவவில்லை என்று அந்த இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. நான்கு பந்தில் எல்லா எறிதலும் 4. இடக்கைப் பந்து இடக்கைக்கே வரும். வலக்கைப் பந்து வலக்கைக்கே. இரண்டு கைகளும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, சேர்ந்து இருக்கும், கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஐந்து பந்தில் எல்லாமே குறுக்கே போக வேண்டும். நான் பழகியது வேறு பாடம்.

உயரமும் என்னை ஏமாற்றியிருக்கிறது. ஒரு பந்து 0.6 நொடி காற்றில் இருக்க வேண்டுமானால் கையில் இருந்து 44 சென்ரிமீற்றர் மேலே போனால் போதும். அதன் இரண்டு மடங்கு, 1.2 நொடி இருக்க வேண்டுமானால்? 88 இல்லை. 176 சென்ரிமீற்றர். நேரம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்கு. அதே கோணப் பிழையோடு எறிந்தால், பந்து விழுகிற இடமும் நான்கு மடங்கு தள்ளிப் போகும். மூன்று பந்தில் யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கோணல், ஐந்து பந்தின் உயரத்தில் அன்ரியின் மடிவரைக்கும் போகும்.

இனி முக்கியமான விஷயம். ஒரு வரிசையில் உள்ள எண்களைக் கூட்டி, எத்தனை எண்ணோ அத்தனையால் பிரித்தால், எத்தனை பந்து வேண்டும் என்று வரும். 55500 என்ற வரிசையைப் பாருங்கள். கூட்டினால் 15. ஐந்தால் பிரித்தால் 3. அதாவது மூன்று பந்தை ஐந்து பந்தின் உயரத்தில், ஐந்து பந்தின் தாளத்தில் எறியலாம். மூன்று எறிதல், பிறகு இரண்டு தட்டுக்குக் கை வெறுமை. இல்லாத இரண்டு பந்துகளின் இடம் அந்த இரண்டு பூச்சியம்.

இதுதான் எனக்கு வேண்டியிருந்த மூன்று பந்து. லேசான மூன்று பந்து இல்லை. ஐந்து பந்துதான், இரண்டை எடுத்துவிட்டது. அம்மம்மா நிலத்தில் இருந்து சொன்னதும் இதைத்தானே? ஒரு கல்லை அள்ளும்போதும் எறிகிற உயரம் அதேதான்.

அம்மம்மாவின் கட்டிலுக்கு முன்னால் நின்று பழகினேன். பந்து விழுந்தால் மெத்தையில் விழும், குனிய வேண்டாம். அவர் கதிரையில் இருந்து பஞ்சை அமுக்கிக்கொண்டே எனக்குத் தாளம் சொன்னார். பூச்சியம் என்பது அவருக்கு வாயில் வரவில்லை.

"அஞ்சு, அஞ்சு, அஞ்சு, சும்மா, சும்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சொல் அவ்வளவு பொருத்தம். சும்மா இருப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. மூன்று பந்தும் மேலே போனதும் கை பதறும். வெறுமையாக இருக்க அதற்குத் தெரியாது. பந்தைத் தேடி மேலே எட்டும். எட்டினால் தாளம் போய்விடும். அந்த இரண்டு தட்டுக்கும் கை தட்டிவிட்டுக் கீழேயே காத்திருக்கப் பழகினேன். பந்து தானாக வந்து கையில் விழும். எட்டுவதற்கு அவசியமே இல்லை. ஐந்து பந்தில் நான் பதறினதற்குக் காரணம் நேரம் போதாமை என்று நினைத்திருந்தேன். நேரம் இருந்தது. நான்தான் அதைக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் தெரிய வந்தது. 55500இல் ஐந்து தட்டு இருப்பதால், அடுத்த சுற்று மற்றக் கையில் தொடங்கும். என் இடக்கையின் வண்டவாளம் அப்போதுதான் தண்டவாளம் ஏறியது. அது பந்தை மேலே எறியாமல் முன்னால் எறிந்துகொண்டிருந்தது. ஐந்து பந்தும் பறக்கும்போது யார் பிழை என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்று பந்தில், அதுவும் இடையிடையே வெறுமை விட்டால், குற்றவாளி தனியாக நிற்பார். அதனால் இன்னும் கீழே இறங்கினேன். ஒரே ஒரு பந்து. இடக்கையில் இருந்து வலக்கைக்கு, தலைக்கு மேலே ஒரே உயரத்துக்கு. சுவருக்கு முன்னால் நின்று எறிந்தேன். முன்னால் போனால் சுவரில் படும். 15 வயதில் ஒரு பந்தை எறிந்துகொண்டிருப்பது எவ்வளவு வெட்கம் தெரியுமா? நண்பர்கள் வந்தால் பந்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

பிறகு ஏணி மாதிரி ஒவ்வொரு படியாக ஏறினேன். 50505 என்ற வரிசையில் மூன்று பந்தையும் ஒரே கையில் வைத்து, அந்தக் கையாலேயே மூன்றையும் அடுத்தடுத்து மற்றக் கைக்கு எறிய வேண்டும். பிறகு மற்றக் கை மூன்றையும் திருப்பி எறியும். அதற்குப் பிறகு 552. கூட்டினால் 12, மூன்றால் பிரித்தால் 4. ஆகவே நான்கு பந்து. இரண்டை எறிந்து ஒரு தட்டுக்குக் கையில் வைத்திருக்கலாம். மூச்சு விட ஒரு இடம். அதற்குப் பிறகு 55550. நான்கு பந்து, ஒரே ஒரு சும்மா. இங்கே வந்துவிட்டால் ஐந்தாவது பந்துக்கு இடம் தயாராக இருக்கிறது. அந்த ஓட்டையில் அதை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அம்மம்மாவும் இதற்குள் தன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். பஞ்சு முடிந்து, ஈரத் துவாய் பிழிகிற படி வந்தது. முதல் நாள் துவாயைப் பிழிந்தபோது அவர் முகம் மாறியது. "இஞ்சை பார் பிள்ளை, உது தேங்காய்ப்பால் பிழியிற கைதானே" என்றார். அதுவரை அந்தப் பயிற்சிகளைத் தண்டனை மாதிரிச் செய்தவர், அன்றைக்குப் பிறகு நான் கேட்காமலே செய்தார். உள்ளங்கையைத் திருப்புவது அகப்பையால் அள்ளுகிற கை. பெருவிரல் தொடுவது சேலைக் கொசுவம் பிடிக்கிற கை. ஃபிசியோ சமையலையும் சேலையையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுத்திருந்தார். எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

அப்படி ஒரு நாள் பழகும்போது அம்மம்மா கேட்டார், "திருவாசகத்திலை திருவம்மானை எண்டு இருக்கே, அது என்னெண்டு தெரியுமோ?" எனக்குப் பெயர் மட்டும் தெரியும். அம்மானை என்பது பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பாடுகிற விளையாட்டு. மாணிக்கவாசகர் அந்த விளையாட்டுப் பாட்டின் வடிவத்தை எடுத்துத் திருவம்மானையைப் பாடினார். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் அம்மானை வரி இருக்கிறது. பிள்ளைத்தமிழில் பெண்குழந்தைக்கு அம்மானைப் பருவம் என்று ஒரு பருவமே வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் புறநானூற்றின் 36ஆம் பாடலில், ஆன்பொருநை ஆற்று மணலில் பெண்கள் பொன்னால் செய்த கழங்குகளை வைத்து விளையாடுகிறார்கள். நான் அப்பாவோடு போன கூடாரத்தில் கண்டுபிடித்ததாக நினைத்த ஒன்று, எங்கள் வீட்டுத் தேவாரப் புத்தக அடுக்கிலேயே இருந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த தொங்காத் தீவுத் தோழி ஒருத்திக்கு இதைச் சொன்னபோது, "எங்களிடமும் இருக்கிறதே, ஹிகோ" என்றாள். அங்கேயும் அது பெண்பிள்ளைகளின் விளையாட்டுத்தான். கப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தில் கூடப் போன கியோர்க் ஃபோர்ஸ்டர், அந்தத் தீவுகளில் ஒரு சிறுமி உருண்டையான ஐந்து காய்களை விடாமல் எறிந்து பிடித்ததைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். ஐந்து! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஐந்து பந்து எனக்கு வந்தது அடுத்த வருடம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. விசேஷமாக ஒன்றும் செய்யவில்லை. 55550 செய்துகொண்டிருந்தேன். அம்மம்மா "சும்மா" என்று சொல்கிற இடத்தில் கை உண்மையிலேயே சும்மா இருந்தது. ஐந்தாவதை எடுத்தேன். எறிந்தேன். அம்மம்மா எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொரு பந்தையும் இரண்டு தரமாவது எறிந்து பிடித்தால்தான் அந்த எண்ணிக்கை வந்துவிட்டது என்று ஜக்ளிங் செய்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஐந்து பந்துக்குப் பத்துப் பிடி. எனக்குப் பதினொன்று. நான் கத்தின கத்தில் அண்ணா ஏதோ விபத்து என்று ஓடி வந்தார்.

அந்த வருடக் கலைவிழாவுக்கும் பெயர் கொடுத்தேன். கொடுத்த பிறகு பயம் வந்தது. போன வருடம் நேரே ஐந்தில் தொடங்கினேன். இந்த முறை எப்படித் தொடங்குவது? அந்த நேரத்தில்தான் வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கில எழுத்தாளரின் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. 1821இல் வந்த அவருடைய நூலில் இருப்பது. இந்திய வித்தைக்காரர்களைப் பற்றியது. லண்டனில் அவர்களைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். வெள்ளை உடுப்போடு நிலத்தில் அமர்ந்து, இரண்டு பித்தளைப் பந்துகளோடு அந்த வித்தைக்காரர் தொடங்குகிறார். அதை யாரும் செய்யலாம். முடிக்கும்போது நான்கு பந்துகள். அதை எங்களில் ஒருவராலும் செய்ய முடியாது என்கிறார் ஹாஸ்லிட். என் எழுத்தில் இப்படிப் பிழையில்லாமல் என்ன இருக்கிறது என்று வெட்கப்படவும் செய்கிறார். அந்தக் காலத்தில் லண்டனில் மிகவும் பெயர் எடுத்த இந்திய வித்தைக்காரரை 'ராமோ சாமி' என்று அழைத்தார்கள். ஆங்கிலக் காதுக்குக் கேட்ட ராமசாமி. 1850இல் லண்டனிலேயே இறந்தார்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு பந்துதான். அவ்வளவு பெரிய கலைஞர், உலகத்தின் பெரிய நகரம் ஒன்றில், எல்லாரும் செய்யக்கூடிய ஒன்றை முதலில் செய்து காட்டியிருக்கிறார். அதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. நான் மட்டும் ஏன் பந்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்?

மேடையில் இரண்டு பந்தோடு தொடங்கினேன். பிறகு மூன்று. பிறகு 55500. சபைக்குச் சொன்னேன்: "நான் மூன்று பந்தை எறிவேன். கை வெறுமையாக இருக்கிற இரண்டு தட்டுக்கும் நீங்கள் கைதட்டுங்கள்." முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். நாலாம் சுற்றில் மண்டபம் முழுக்கத் தட்டியது. பிறகு நான்கு. பிறகு ஐந்து. ஒன்பது பிடித்தேன். பத்தாவது நழுவி விழுந்தது. இந்த முறையும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மம்மாவின் கை முழுதாகத் திரும்பி வரவில்லை. உள்ளங்கை முக்கால்வாசிதான் மேலே திரும்பும். குளிர் நாட்களில் நோகும். ஆனால் சேலையைத் தானே உடுத்துகிறார். தேங்காய்ப்பால் பிழிகிறார்; முதல் பால் அவர், இரண்டாம் பால் நான். கொக்கான் கற்கள் அவருடைய மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒன்றும் வரைக்கும் போவார். நாலை ஒரே அள்ளில் அள்ள இப்போது முடிவதில்லை. முடியாத அன்று ஒன்றும் சொல்லாமல் கற்களைச் சிதற விட்டு, ஒவ்வொன்றாக எடுப்பதில் இருந்து திரும்பத் தொடங்குவார்.

நீங்கள் எதையாவது பழகிக்கொண்டிருந்து, அது வரவில்லை என்றால், 'லேசானதுக்கு இறங்கு' என்று யாராவது சொல்வார்கள். இறங்குங்கள். ஆனால் எந்த லேசானதுக்கு என்று பாருங்கள். கடினமான அந்த வேலையிலிருந்து இரண்டு பந்தை எடுத்துவிட்டு, உயரத்தையும் தாளத்தையும் அப்படியே விட்டு வைத்தது எதுவோ, அதற்கு இறங்குங்கள்.

நான் இப்போது ஏழு பந்து பழகுகிறேன். 7777700. கூட்டினால் 35, ஏழால் பிரித்தால் 5. அதே சேலைத் துணிப் பந்துகள், இரண்டு தரம் அரிசி மாற்றியாகிவிட்டது. அம்மம்மாவுக்கு இப்போது 86 வயது. கதிரையில் இருந்து எனக்குத் தாளம் சொல்கிறார். ஏழு, ஏழு என்று ஐந்து தரம். அதற்குப் பிறகு பழையபடி சும்மா, சும்மா.